மூன்று தயாரிப்பாளர்களும் நான் படிக்காத ஒரு வசனமும்

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெரிய சீரியல்களில் இரண்டில், ஒரே மாதத்தில் தயாரிப்பாளர்கள் மாறியிருக்கிறார்கள். அவற்றில் வேலை செய்கிறவர்கள் கலங்கிப்போயிருக்கிறார்கள். எங்கள் சங்கத்துச் செயலாளர் போன் செய்து, "ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை குடுங்கண்ணா. தயாரிப்பாளர் மாறினா சீரியலோட தரம் ஏன் மாறுது, உங்க அனுபவத்துல இருந்து எழுதுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைச் சொல்லாமல் தரத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

நான் பிராம்ப்டர். காமிராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் நின்று, நடிப்பவர்களுக்கு வசனத்தை முன்கூட்டிப் படித்துச் சொல்கிறவன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர் எனக்கு. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நான் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் எட்டு வருஷம் மிஷின் ஓட்டினேன். கம்பெனி ஆண்டு விழா நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தபோது, பார்க்க வந்த ஒருவர் என் குரலைக் கேட்டு சினிமா கம்பெனிக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து சீரியல். கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வசனத்தில் உணர்ச்சி போட்டுப் படிக்கக் கூடாது. நான் அழுதுகொண்டே படித்தால் நடிகரும் என் அழுகையையே அழுவார். தட்டையாக, தெளிவாக, அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் அடுத்த வரியை வைக்க வேண்டும். படப்பிடிப்பில் பதிவாகும் சத்தம் டப்பிங்குக்கு வழிகாட்டி மட்டுமே. என் குரலை டப்பிங்கில் அழித்துவிடுவார்கள். இருபத்தாறு வருஷம் அழிக்கப்படுவதற்காகவே பேசியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

நான் சொல்லப்போகும் சீரியல் ஒன்பது வருஷம் ஓடியது. பெயர் வேண்டாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு ஒட்டிய ஒரு பெரிய வீடுதான் செட். கதையில் அது பார்வதி என்ற அம்மாவின் வீடு. நான்கு பிள்ளைகள். பார்வதியாக நடித்தவர் கமலவேணி அம்மா. பதினாறு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். நான் பார்த்தபோது அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். என்னை ராஜு என்பார். முழுப்பெயர் எத்திராஜ்.

முதல் தயாரிப்பாளர் தேவசகாயம் சார். ரேடியோ நாடகத்தில் இருந்து வந்தவர். காலை எட்டு மணிக்கு முன்னால் செட்டுக்கு வந்துவிடுவார். மானிட்டருக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். டேக் முழுக்கக் காதால் மட்டும் கேட்பார். வசனம் பொய்யாகப் பட்டால் ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழும். டைரக்டர் நிறுத்திவிடுவார். ஸ்கிரிப்ட் மூன்று நாளுக்கு முன்பே என் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். படப்பிடிப்புக்கு முந்தைய நாள் என்னைக் கூப்பிட்டு முழுவதையும் படிக்கச் சொல்வார்.

"எத்திராஜ், இந்த இடத்துல எதுக்கு மூச்சு வாங்கினே?"

"வரி நீளம் சார்."

"உனக்கே மூச்சு வாங்குதுன்னா, புருஷன் செத்துப்போன பொம்பள எப்பிடிப்பா சொல்வா?" என்பார். அந்த இடத்திலேயே வரியை வெட்டுவார். எழுதியவர் எதிரில் இருந்தாலும் வெட்டுவார்.

அவரிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. கதைக் குடும்பத்தில் யாருக்கு எப்போது என்ன நடந்தது, யாருக்கு எந்த ரகசியம் தெரியும், யார் யாரிடம் பேச்சை நிறுத்தினார்கள் என்று எபிசோடு எபிசோடாக எழுதி வைத்திருந்தார். பார்வதிக்குக் கத்தரிக்காய் ஆகாது என்பதுகூட அதில் இருந்தது. நடிப்பவர்கள் எல்லோரும் ஒரு முறை உட்கார்ந்து வாசித்து, வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் நிற்பார்கள். அந்த ஐந்து வருஷத்தில் கமலவேணி அம்மாவுக்கு நான் எடுத்துக் கொடுத்தது மொத்தம் பத்து வரி இருக்கலாம்.

சாருக்கு இருதயத்தில் அடைப்பு வந்தது. டாக்டர் ஓய்வு என்றார். சீரியலை நாவலூரில் கல்யாண மண்டபமும் கேட்டரிங்கும் வைத்திருந்த பாஸ்கர் என்பவருக்குக் கொடுத்துவிட்டார். போகும் நாளில் அந்த நோட்டை இரண்டு கையாலும் எடுத்து பாஸ்கரிடம் கொடுத்ததை நான் பார்த்தேன்.

பாஸ்கர் கெட்ட மனுஷன் கிடையாது. யூனிட்டுக்கு அவர் போட்ட சாப்பாட்டை இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் கதை என்பது அவருக்குப் பந்தி மாதிரி. ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி உட்கார வேண்டும். ஒரே வீட்டில் மாடியில் ஒரு யூனிட், கீழே ஒரு யூனிட். ஸ்கிரிப்ட், லைட் போட்டுக்கொண்டிருக்கும்போது என் போனுக்கு வரும். ஒத்திகை போயிற்று. வாசித்துப் பார்ப்பது போயிற்று. "என்ன சொல்றீங்க?" என்று ஒருவர் கேட்க, "நான் சொல்றது உங்களுக்குப் புரியலையா?" என்று இன்னொருவர் கேட்க, அதிலேயே அரை எபிசோடு முடியும்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் நான் வசனம் படித்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு நின்றுவிட்டது. "சித்தப்பாவக் கேட்டுட்டு வரேன்மா" என்று மூத்த மகனுக்கு வசனம். அந்தச் சித்தப்பாவை நாங்கள் நான்கு வருஷத்துக்கு முன்னால் கொள்ளி வைத்து எரித்திருக்கிறோம். புதுப்பட்டினம் கடற்கரையில் எடுத்த காட்சி. அஸ்தி கரைத்தபோது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று வசனம் படித்தேன். நேரே பாஸ்கரிடம் போனேன்.

"சார், சித்தப்பா செத்துட்டாரு. அந்த நோட்டைப் பாத்தா தெரியும்."

"இன்னா நோட்டு?"

"தேவசகாயம் சார் குடுத்தாரே."

"அதுவா. மண்டபத்துல ஆபீஸ மாத்தும்போது பழைய பேப்பரோட போயிட்ச்சின்னு நெனக்கிறேன். இன்னா இப்ப? போன வருசம் இன்னா பாத்தோம்னு எந்த பொம்பள எழுதி வெச்சிகினு கீறா? வுடு அண்ணாத்த, சாப்ட்டியா?"

எனக்குக் கோபம் வரவில்லை. கையில் பிடித்திருந்த தூண் விலகினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அந்த வீட்டில் ஒரு உயிர் போனதைக்கூட யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்றால், பிறகு நாங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தோம்?

அந்தக் குழப்பத்தில்தான் கமலவேணி அம்மாவுக்கு நடந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சாரின் காலமாக இருந்திருந்தால் முதல் வாசிப்பிலேயே தெரிந்திருக்கும். இப்போது யாருமே மனப்பாடம் செய்வதில்லை. எல்லோருக்கும் ஒவ்வொரு வரியும் நான்தான் கொடுத்தேன். அதில் அவருக்கு மட்டும் இரண்டு தரம், மூன்று தரம் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு பாதி வரியாக உடைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் ஐந்து வருஷமாக மகனாக நடிக்கும் பையனை மேக்கப் அறையில் பார்த்து, "தம்பி யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே என்னைத் தோப்புப் பக்கம் கூப்பிட்டார்.

"ராஜு, உனக்குத் தெரிஞ்சுபோச்சு இல்ல?"

நான் தலையை ஆட்டினேன்.

"கிட்ட நின்னு சொல்லுப்பா. உன் வாயைப் பாத்தா எனக்கு வந்துடுது. யார்கிட்டயும் சொல்லிடாத. சாந்திக்கும் வேணாம். இங்க வரது நின்னுபோச்சுன்னா எனக்கு இன்னிக்கு என்ன நாளுன்னுகூடத் தெரியாமப் போயிடும்."

சாந்தி அவருடைய ஒரே மகள். புதுப்பட்டினத்தில் தனியே குடியிருந்து மருந்துக்கடை வைத்திருந்தாள்; அம்மாவோடு போனில்தான் பேச்சு. நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போங்கள் என்று இரண்டு தரம் சொன்னேன், அதோடு விட்டுவிட்டேன். அது சரியா தப்பா என்று அப்போது யோசிக்கவில்லை. அவர் கண் எட்டும் இடத்தில் நின்றேன். நான் உதட்டை நன்றாக அசைத்துச் சொல்வேன், அவர் பேசுவார். ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது.

சீரியலைப் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். பாஸ்கருக்குச் சலித்துவிட்டது. சேனலே எடுத்துக்கொண்டு விவேக் என்பவரைத் தயாரிப்பாளராக அனுப்பியது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது இருக்கும். குரலை உயர்த்தவே மாட்டார். லைட்மேனில் இருந்து எல்லோரையும் அண்ணா என்பார். வந்த முதல் இரண்டு நாளும் படப்பிடிப்பைப் பார்க்கவே இல்லை. மாடியில் ஒரு அறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேவசகாயம் சாரைப் போல இவரும் காதால் கேட்கிறவர் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது.

மூன்றாம் நாள் என்னை அழைத்தார்.

"பழைய ரெக்கார்டிங் எல்லாம் கேட்டேன்ணா. டப்பிங்குக்கு முன்னாடி இருக்கற ஒரிஜினல் சவுண்ட். உங்க குரல்தான் அதுல முழுக்க. கமலவேணி மேடத்துக்கு மட்டும் ஒவ்வொரு வரியும் மூணு தடவ போகுது. எவ்வளவு நாளா இப்படி?"

ஊரில் யாரும் கேட்காத என் குரலை அவர் கேட்டுவிட்டார். அதுவே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"பயப்படாதீங்க. அவங்கள அனுப்பப் போறதில்ல. கதையில பார்வதியம்மாவுக்கு மறதி நோய் வருது. நாளைக்கு ஹால் சீன். நாலு பிள்ளைங்களும் நிக்கறாங்க. மூத்தவன், 'அம்மா, நான் யாரும்மா?'ன்னு கேக்கறான். டப்பிங் வேணாம், லைவ் சவுண்ட். நீங்க வழக்கமா நிக்கற இடத்துல நிக்கணும். ஆனா படிக்க வேணாம்."

"அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா சார்?"

"சொன்னா நடிச்சிடுவாங்களே அண்ணா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

"நான் அங்க எதுக்கு சார் நிக்கணும்?"

"உங்களப் பாக்கலேன்னா அவங்க ஃபிரேமுக்குள்ளயே வர மாட்டாங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, தப்பில்ல. ஆனா இப்படி ஒருத்தங்கள வெச்சு என்னால மத்த சீன் எடுக்க முடியாது. நாளைக்கே வேற ஆர்ட்டிஸ்ட் போட்டுடுவேன்."

அன்று சாயங்காலம் மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு வந்து சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வருவது நின்றுபோனால் நாளும் தெரியாமல் போய்விடும் என்று அந்த அம்மா சொன்னது மட்டும் காதில் இருந்தது. ஒரு காட்சிதானே, அவருக்கு நினைவிருக்கவும் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதைத்தான் என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. மறந்துவிடுவார் என்பதையே ஒரு சமாதானமாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஹாலில் மூன்று காமிரா. கமலவேணி அம்மா நீல நிறப் புடவையில் வந்தார். என்னைத் தேடினார், பார்த்தார், முகம் தெளிந்தது. நின்றார். மகனாக நடித்தவன் தன் வசனத்தைச் சொன்னான்.

"அம்மா, என்னத் தெரியலையா? நான் யாரும்மா?"

அவர் அவனைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார். வசனத்தை வாங்கிக்கொள்ளும்போது அவர் கீழுதடு கொஞ்சம் அசையும், அது அசைந்தது. ஒன்றும் வரவில்லை. முழுதாக என் பக்கம் திரும்பினார். காமிராவும் அவரோடு திரும்பியது.

"தம்பி..." என்றார். என் பெயர் அவருக்கு வரவில்லை. "இது யாரு வூடு?"

கடல் சத்தம் ஹாலுக்குள் கேட்டது. லைவ் சவுண்ட் என்றால் அந்தச் சத்தம் விழாமல் ஜன்னலை அடைத்துவிடுவார்கள், அன்று திறந்து வைத்திருந்தார்கள். அவர் முந்தானையைக் கையில் எடுத்து, இது தன் புடவைதானா என்பது போலத் தடவிப் பார்த்தார். பிறகு நாடக மேடையில் பழகிய உடம்பு எதையோ உணர்ந்துகொண்டது. தன்னால் காட்சி நின்றுவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார். மகனைப் பார்த்து, மற்ற பிள்ளைகளைப் பார்த்து, காமிராமேனைப் பார்த்து, மேலே லைட் பிடித்துக்கொண்டிருந்தவர்களையும் நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, "மன்னிச்சிக்குங்க. மன்னிச்சிக்குங்க" என்றார். கடைசியாக என்னிடம் வந்தார். "மன்னிச்சிக்கப்பா."

கட் என்று யாரும் சொல்லவில்லை. மகனாக நடித்தவன் வாயைப் பொத்திக்கொண்டு படத்தை விட்டு வெளியே நடந்தான். அதையும் எடுத்தார்கள். நான் அசையாமல் நின்றேன். என் வேலையே பேசுவது. அன்றைக்குப் பேசியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. "நீ என் மூத்த பிள்ளடா" என்பது. ஸ்கிரிப்ட் என் கையில்தான் இருந்தது.

ஒரு வாரத்தில் ஒளிபரப்பானது. நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். என் மனைவி செல்வி டிவி முன்னால் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா நடிச்சிகீது அந்தம்மா. எங்க அத்தை கடேசில இப்டித்தான் பண்ணிகினு இருந்துச்சி. நீதான் சொல்லிக்குடுத்தியா இத?"

"இல்ல. நான் சொல்லிக்குடுக்கல."

அவளுக்கு என் குரல் வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தரத்தைப் பற்றித்தானே கேட்டார்கள். அந்த ஒன்பது வருஷத்தில் அந்தச் சீரியலில் வந்த காட்சிகளிலேயே சிறந்தது அதுதான். தேவசகாயம் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்தாலும் விரலைத் தூக்கியிருக்க மாட்டார். ஒரு பொய்யும் அதில் இல்லை. ஊரெல்லாம் பேசியது. பார்ப்பவர்கள் திரும்பி வந்தார்கள்.

அடுத்த வாரம் இன்னொன்று எடுக்க ஏற்பாடானது. பார்வதி வீட்டு வாசலில் நின்று உள்ளே வர வழி தெரியாமல் தவிக்க வேண்டும். எனக்கு அதே உத்தரவு. கமலவேணி அம்மா வாசலில் வந்து நின்று என்னைத் தேடினார். நான் ஸ்கிரிப்டே பார்க்காமல் சத்தமாகச் சொன்னேன்.

"உள்ள வாங்கம்மா. இது உங்க வூடுதான்."

லைவ் சவுண்டில் என் குரல் முழுசாக விழுந்தது. அவர் நிம்மதியாக உள்ளே வந்துவிட்டார். மறுபடி எடுத்தார்கள், மறுபடி சொன்னேன். நான்கு தரம். விவேக் மாடியில் இருந்து இறங்கி வந்தார். கோபப்படவில்லை.

"நீங்க கிளம்புங்கண்ணா. நாளையில இருந்து வேணாம்."

கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கவில்லை. அந்தப் பக்கம் போன ஷேர் ஆட்டோவில் ஏறி நேரே புதுப்பட்டினம் போய் சாந்தியின் மருந்துக்கடையில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"வாங்கண்ணா. அம்மா சீனைப் பாத்தீங்களா? கடைக்கு வரவங்க எல்லாம் அதேதான் பேசறாங்க. நான் போன் பண்ணி, எப்படிம்மா இப்படி நடிச்சேன்னு கேட்டேன். எந்த சீனுன்னு திருப்பிக் கேக்கறாங்க. அவ்ளோ அடக்கம்."

"சாந்தி, அது நடிப்பு இல்லம்மா."

அவள் கையில் ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி பாதியில் நின்றது. நான் ஆரம்பத்தில் இருந்து சொன்னேன். ஒன்றரை வருஷம் மூடி மறைத்ததையும், அந்த நாள் வாயை மூடிக்கொண்டு நின்றதையும். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்த வீடியோவ நான் எல்லாருக்கும் அனுப்பினேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோப்பு வீட்டுக்குப் போனாள். மேக்கப்போடேயே அம்மாவை அழைத்து வந்துவிட்டாள்.

இரண்டு வாரத்தில் திரையில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து ஓடியது. புது பார்வதி மறதி நோயை நன்றாகவே நடித்தார். பார்ப்பவர்களுக்குப் பொய் தெரிந்துவிட்டது. ஏழெட்டு மாதத்தில் சீரியலை முடித்துவிட்டார்கள். விவேக் இன்றைக்குப் பெரிய இடத்தில் இருக்கிறார். நான் வேறு யூனிட்டுகளில் நான்கு வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றேன்.

அம்மாவைப் பார்க்கப் போக எனக்குத் தைரியம் வர ஒரு வருஷம் ஆனது. சாந்தி வீட்டில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. யாரோ மருந்து வாங்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டார். சாந்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேச ஆரம்பித்தார்.

"நான் வேலைக்குப் போயிட்டிருந்தேன், தெரியுமா உங்களுக்கு? அங்க ஒருத்தர் இருப்பாரு. நான் என்ன பேசணும்னு அவருதான் சொல்லுவாரு. நல்ல மனுஷன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஒரு நாளு வந்தாரு. எதிர்லதான் நின்னாரு. நான் பாக்கறேன், பாக்கறேன், அவரு சொல்லவே இல்ல. எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க." அவர் நெற்றி சுருங்கியது. "தொண்டை கட்டியிருக்கும் பாவம். என்னமோ உடம்பு சரியில்ல அவருக்கு. நான் அப்புறம் விசாரிக்கவே இல்ல. நீங்க அந்தப் பக்கம் போனா கேட்டுச் சொல்றீங்களா, இப்ப எப்படி இருக்காருன்னு?"

எல்லாம் போன இடத்தில் அது மட்டும் அவரிடம் தங்கியிருந்தது. மறந்துவிடுவார் என்று நான் நம்பிய அந்த ஒன்று.

"அம்மா, நான்தாம்மா அது. ராஜு."

அவர் என் முகத்தை, குறிப்பாக என் வாயை, நெடுநேரம் பார்த்தார். நான் மேற்கொண்டு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை வரவில்லை.

"இல்லப்பா" என்றார், ஆறுதல் சொல்வது போல. "அவரு பேசுவாரு."